மூன்றாம் அறைக் கைப்பிடிக்குப் பதினொரு டிக்

புதிதாகச் சேர்ந்திருக்கும் சூப்பர்வைசர்களாகிய உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். "அக்கா, ஒங்க எக்ஸ்பீரியன்ஸ எழுதுங்க. ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் மோட்டிவேஷனா இருந்தா நல்லாருக்கும்லா" என்று போனில் சொன்ன பெண்ணின் குரலில் நல்ல பணிவு இருந்தது. ஞாபகப்படுத்திக்கொள்ள உதவியாக இருக்கட்டும் என்று, இப்போது நீங்கள் பயன்படுத்தும் படிவங்களையும் படம் எடுத்து அனுப்பி வைத்தார். அவற்றைப் பார்த்ததும் மோட்டிவேஷன் எழுதுகிற எண்ணம் எனக்கு அடியோடு போய்விட்டது. அதனால் ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

ஜொகூர் தெப்ராவில் இருக்கும் அந்தக் குளிர்பதனக் கிடங்கில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். உறைந்த கோழி, உறைந்த மீன், உறைந்த ரொட்டி சானாய். கடைசியாக நானும் பாதி உறைந்துதான் வெளியே வந்தேன். அங்கே காலையிலிருந்து மாலை வரை எல்லார் வாயிலும் புழங்கிய சொல் 'செக்'. தமிழுக்குள் வரும்போது அது தனியாக வராது, 'பண்ணு' என்பதைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் வரும். செக் பண்ணு, செக் பண்ணியாச்சா, செக் பண்ணிட்டுச் சொல்லு. எங்கள் கிடங்குக்கு 'செக்' ஒழுங்காக வந்து சேர்ந்தது. 'பண்ணு' மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

அகராதியில் அதற்குச் சரிபார்ப்பது, சோதிப்பது என்றெல்லாம் போட்டிருக்கும். அகராதி எழுதியவர்கள் கிடங்கில் வேலை செய்யாதவர்கள். "செக் பண்ணிச் சொல்றேன்" என்றால் இன்றைக்குப் பதில் வராது. "செக் பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றால் இனிமேல்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போகிறார். "செக் பண்ணியாச்சு" என்றால், இவர் இன்னொருவரிடம் கேட்டுவிட்டார், அவர் வேறு யாரிடமாவது கேட்டிருப்பார் என்று நம்புகிறார். இந்த மூன்றும் தெரிந்தால் எங்கள் கிடங்கில் சூப்பர்வைசர் ஆகிவிடலாம். நான் ஆனேன்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என் முதல் சூப்பர்வைசர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். மூன்றாம் அறையின் வெப்பநிலையை மணிக்கு ஒரு தடவை எழுத வேண்டும். அவர் திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரே மூச்சில் எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். ஒரு தடவை அந்த அறையின் தெர்மோமீட்டரையே கழற்றி சிங்கப்பூருக்கு ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். சுவரில் இரண்டு ஓட்டைகளும் ஒரு ஒயரும்தான் இருந்தன. அந்த வாரமும் மணிக்கு மணி மைனஸ் இருபது என்று எழுதியிருந்தார். அடுத்த மாதம் ஆடிட்டுக்கு வந்தவர் அந்தத் தாளைப் பார்த்து, வெப்பநிலை இவ்வளவு சீராக இருப்பது அபூர்வம் என்று பாராட்டிவிட்டுப் போனார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி அந்தச் சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள்.

கிடங்கு நான்கு நாள் மூடல். அன்று ஒரு மணி வரைக்கும்தான் வேலை. மறுநாள் காலையில் கிள்ளானில் என் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். என் மகளும் மருமகனும் கூலாயில் வீட்டு வாசலில் காரை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு மணிக்குள் கிளம்பாவிட்டால் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டுதான் போக வேண்டும். மகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டாள். அத்தை சீர் தட்டு முழுக்க என் பீரோவில், சாவி என் கைப்பையில்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு கோல்ட் ரூமிலும் ஆள் இருக்கிறார்களா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துப் பூட்ட வேண்டும். அது ஷிப்ட் லீடர் சேகரின் வேலை. நல்ல பையன் என்று சொல்லும் வயதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எனக்குத் தம்பி மாதிரி. அன்று அவன் மூன்றாம் அறை வாசலில் நின்றபடியே வாக்கி டாக்கியில் "ரூம் தீகா கிளியர்?" என்று கேட்டான். மூன்றாம் அறையில் ஆள் இல்லையே என்று அர்த்தம். லாரி நிற்கும் பக்கத்திலிருந்து யாரோ "கிளியர், பாஸ்" என்றார்கள். அவர் நின்ற இடத்திலிருந்து அந்தக் கதவு மட்டும்தான் தெரியும், உள்ளே ஒன்றும் தெரியாது. சேகர் விளக்கை அணைத்தான், பூட்டினான், என்னிடம் வந்தான்.

"மூணு ரூமும் செக் பண்ணியாச்சுக்கா. சைன் பண்ணுங்க, நான் கெளம்புறேன்."

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. மகளிடம் போனில் பேசிக்கொண்டே இடது கையால் தாளைப் பிடித்து வலது கையால் கையெழுத்துப் போட்டேன். சேகர் பூட்டுச் சாவிகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தான்.

தொழிலாளர்களைக் கூலாய் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகும் கம்பெனி பஸ்ஸில்தான் நானும் வீட்டுக்குப் போவேன். டிரைவர் பைசால். முப்பத்தைந்து வயது இருக்கும், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் என்று நாங்கள் எல்லாரும் குறைபட்டுக்கொள்வோம். பஸ்ஸை எடுப்பதற்கு முன் எழுந்து கடைசி சீட் வரை நடந்து போவார். ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். திரும்பி வந்து உட்காருவார். இதற்கே மூன்று நிமிடம் போகும். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்குறாரு" என்று நானே அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அன்றும் நடந்தார், வந்தார். ஆனால் உட்காரவில்லை. "பிகாஸ் தாக் அடா" என்றார். பிகாஸ் இல்லை.

பிகாஸ் நேப்பாளத்துக்காரர். நாற்பது வயதுக்குக் கிட்டே, அதிகம் பேசாதவர். அவருடைய பை அவருடைய சீட்டில் இருந்தது. ஹாஸ்டல் அறைத் தோழர் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார். ஆள் எங்கே என்றால் ஆளுக்கு ஒரு பதில். கடைக்குப் போயிருப்பார், கழிவறையில் இருப்பார், சேகரோடு மோட்டார் சைக்கிளில் போயிருப்பார். எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது, ஒருவருக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்கவில்லை.

மணி ஒன்று இருபது. மகளின் அழைப்பு மறுபடியும் வந்தது.

"செமுவா அடா லா, பைசால். ஜாலான், ஜாலான். சாயா டா செக்" என்றேன். எல்லாரும் இருக்கிறார்கள், வண்டியை எடு, நான் செக் பண்ணிவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"காக் டா தெங்கோக், காக் டா செக்?"

அக்கா பார்த்தீங்களா, இல்லை செக் பண்ணீங்களா? பஸ்ஸில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவரை இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. அவர் என் கோபத்தைப் பொருட்படுத்தாமல் எஞ்சினை அணைத்தார்.

போய்ப் பார்த்து அவர் மூக்கை உடைத்துவிட்டு வருவோம் என்றுதான் நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நல்ல எண்ணத்தில் இறங்கவில்லை. கடையில் இல்லை. கழிவறையில் இல்லை. பிகாஸின் போன் அவருடைய லாக்கருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. கோல்ட் ரூமுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. லாக்கருக்குப் பக்கத்துச் சுவரில் குளிர் ஜாக்கெட்டுகள் மாட்டும் கொக்கிகள் இருக்கும். ஆளுக்கு ஒரு நம்பர். வேலை முடிந்ததும் எல்லாரும் ஜாக்கெட்டை அங்கே மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பதினான்காம் கொக்கி காலியாக இருந்தது. பதினான்கு பிகாஸுடையது.

அன்று காலையிலிருந்து அவருக்கு மூன்றாம் அறையில்தான் வேலை. மூன்றாம் அறைக்கு ஓடினேன். ஓடியதாக நினைத்தேன், என் முழங்காலுக்கு அது வேகமான நடை. கதவில் கைவைத்து அடித்தேன். அந்தக் கதவு ஒரு சாண் கனம். காதை வைத்துக் கேட்டேன். எந்திரத்தின் இரைச்சல்தான் கேட்டது. பைசால் என் பின்னால் வந்து நின்றார்.

சேகருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, வண்டி ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான்? மாற்றுச் சாவி மேனேஜர் அறையில், அந்த அறை பூட்டியிருந்தது. மேனேஜருக்குப் போட்டேன். அவர் குடும்பத்தோடு மூவார் போகும் வழியில் இருந்தார். பின்னால் பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்டது.

"ராஜி, யு செக் பர்ஸ்ட் லா" என்றார். "சிசிடிவி செக் பண்ணு. ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டு செக் பண்ணு. சேகர்கிட்ட செக் பண்ணு."

"பூட்ட ஒடைக்கட்டுமா, பாஸ்?"

"அலமாக், நாலு நாள் சரக்கு உள்ள இருக்கு! ஆள் உள்ள இருக்கான்னு கன்பர்மா?"

கன்பர்ம் இல்லை. அதுதான் சிக்கல். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே வெளியே போயிருக்கலாம். பூட்டை உடைத்துத் திறந்து, உள்ளே உறைந்த கோழியைத் தவிர யாரும் இல்லையென்றால், கதவு சரியாக மூடாமல் சரக்கு முழுவதும் கெட்டுப் போகும். விடுமுறை முடிந்ததும் என் வேலையும் முடிந்திருக்கும். சிசிடிவி அறையைத் திறக்கச் செக்யூரிட்டி ஆபீசில் ஆள் வேண்டும், ஹாஸ்டலுக்கு ஆள் போய்ச் சேர முக்கால் மணி நேரம் வேண்டும். எல்லாவற்றையும் செக் பண்ணிக்கொண்டே இருக்கலாம். செக் பண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது.

உள்ளே யாரும் இல்லையென்றால் நான் கோமாளி. என் வாழ்க்கையில் கோமாளியாக வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.

"பைசால், பெச்சா" என்றேன். உடை.

அவர் ஏற்கெனவே பஸ்ஸிலிருந்து டயர் கழற்றும் கம்பியைக் கொண்டுவந்திருந்தார். மேனேஜர் போனில் "ஹூ அப்ரூவ்? ஹூ அப்ரூவ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை அப்படியே தரையில் வைத்துவிட்டு நானும் கம்பியைப் பிடித்தேன். நான்காவது முறை நெம்பியபோது தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது.

விளக்கைப் போட்டேன். பிகாஸ் கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அடியில் போட்டு, மேலேயும் சுற்றிக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் வெள்ளை. பின் வரிசையில் சரிந்து கிடந்த பெட்டிகளை அடுக்கும்படி காலையில் சேகர் சொல்லியிருக்கிறான். அவர் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் தடவித் தடவிக் கதவுக்கு வந்து, உள்பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளியிருக்கிறார். தள்ளித் தள்ளி, குத்திக் குத்தி, வலது கை வீங்கி ரத்தம் கட்டியிருந்தது.

என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "காகாக், பஸ் சூடா ஜாலான்?"

அக்கா, பஸ் போயிடுச்சா? நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தரையில் உட்கார்ந்து அழுதேன். பைசால் அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "பெலும்" என்றார். இன்னும் போகவில்லை.

அந்தப் பஸ் அன்று நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. இரண்டு விரல் நுனிகள் வெகுநாள் மரத்துக் கிடந்தன, மற்றபடி பிழைத்துக்கொண்டார். என் மகள் பீரோவை உடைத்துச் சீர் தட்டை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள். அந்த நாளில் உடைந்தது பூட்டு மட்டும் இல்லை.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

கோல்ட் ரூம் கதவின் உள்பக்கத்தில் ஒரு பச்சைக் கைப்பிடி உண்டு. வெளியே பூட்டுத் தொங்கினாலும் அதைத் தள்ளினால் கதவு திறந்துவிட வேண்டும். அதற்காகவே வைத்தது. மூன்றாம் அறையில் அதன் உள்ளே ஐஸ் கட்டி, கம்பி துருப்பிடித்து, எத்தனை மாதமாகவோ செத்துக் கிடந்திருக்கிறது. அதை மாதா மாதம் செக் செய்ய ஒரு படிவம் உண்டு. அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. பதினொரு டிக், பதினொரு கையெழுத்து, எல்லாம் என்னுடையவை. அந்தக் கதவுக்கு நான் ஒரு நாளைக்கு இருபது தடவை போவேன். கைப்பிடி அங்கே பச்சையாக இருப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. நாம் உள்ளே போக வேண்டும், வெளியே ஒருவர் பூட்ட வேண்டும். அது யாருக்குப் பிடிக்கும்?

விடுமுறை முடிந்து விசாரணை நடந்தது. மேனேஜர் அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார். வெளியே வரச் சொல்லியும் பிகாஸ் வரவில்லை, உள்ளே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார், அவர் தவறு. மைனஸ் இருபதில் ஓய்வெடுக்கும் மனிதரை அந்த அறிக்கையில்தான் முதலில் பார்த்தேன். அது நிலைத்துவிட்டால் பிகாஸின் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, பிகாஸ் பாவம்தான். ஆனா அத மாத்தினா நாம ரெண்டு பேரும் போயிருவோம்க்கா. நீங்களும் சைன் போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன்டா. அதுதான் எனக்குத் தூக்கம் வரல."

"அப்ப ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. எல்லாம் செக் பண்ணதா பேப்பர்ல இருக்குல்ல?"

இருந்தது. பேப்பரில் எல்லாம் அழகாக இருந்தது. நான் உடனே வீரமாக எழுந்து நின்றேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். ஓய்வு பெற மூன்று வருடம்தான் பாக்கி என்று யோசித்தேன். பிகாஸுக்கு இன்னொரு நாட்டில் வேலை கிடைக்காமலா போகும் என்றுகூட யோசித்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. மூன்றாம் நாள் காலையில் பஸ்ஸில் பைசால் வழக்கம்போல எழுந்து நடந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் முகத்தையும் பார்த்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று ஆபீசுக்குப் போனதும் அந்தப் பதினொரு தாள்களையும் எடுத்தேன். ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் மலாயில் இரண்டே வார்த்தை எழுதினேன். 'தாக் தெங்கோக்.' பார்க்கவில்லை. பதினொரு தடவை எழுதி, பதினொரு தடவை கையெழுத்துப் போட்டு, மேனேஜர் மேசையில் வைத்தேன். அதன் பிறகு பிகாஸ் ஓய்வெடுத்தார் என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், சேகருக்கு ஒன்று. எனக்கு வரவிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. சேகர் ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிகாஸ் வேலையில் இருந்தார்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. கடுமையான நடவடிக்கை எடுத்தது. படிவத்தில் 'செக் செய்தவர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'மறுபடி செக் செய்தவர்' என்று இன்னொரு கட்டம் சேர்த்தார்கள்.

கைப்பிடியைப் புதிதாக மாற்றிய அன்று நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். "பூட்டுடா" என்று சேகரிடம் சொன்னேன். "வேணாம்க்கா" என்றான். "பூட்டிட்டு வெளக்கையும் அணை" என்றேன். கதவு மூடியதும் வந்த இருட்டை எனக்கு எழுதத் தெரியவில்லை. பத்து வரை எண்ணுவோம் என்று இருந்தேன், நான்குக்கு மேல் முடியவில்லை. தள்ளினேன். திறந்தது. வெளியே சேகர் என்னைவிட வெளிறிப்போய் நின்றிருந்தான். அதன் பிறகு ஓய்வு பெறும் மாதம் வரை, ஒவ்வொரு மாதமும் போனேன். ஒரு மாதம்கூடப் பயம் குறையவில்லை.

இப்போது நீங்கள் அனுப்பிய படிவங்களுக்கு வருகிறேன். மூன்றாம் அறை, உள்பக்கக் கைப்பிடி, இந்த மாதத் தாள். டிக் இருக்கிறது. செக் செய்தவர் என்ற இடத்தில் பெயர் கையால் எழுதப்படவில்லை, அச்சாகவே வருகிறது: ராஜேஸ்வரி, என் பெயர். பழைய தாளையே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மறுபடி செக் செய்தவர் கட்டத்திலும் டிக்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்த மாதம் முழுவதும் கூலாயில் என் வீட்டில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கைப்பிடியை நான் தொடவில்லை. பார்க்கவில்லை. இந்த முறை அதை எழுதிவைக்கப் பதினொரு மாதம் காத்திருக்க எனக்கு மனமில்லை.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் பேனாவை எடுக்காதீர்கள். உங்களில் ஒருவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். இன்னொருவர் வெளியிலிருந்து பூட்டுங்கள், விளக்கையும் அணையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.

பிகாஸ் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். பதினான்காம் கொக்கி இன்றும் அவருடையதுதான்.